கழுத்தில் போட முடியாத தங்கம்

தையல் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் வந்து விழுகிற நீள மேஜையில், மூன்று குழல் விளக்குகளுக்குக் கீழே, இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறாள். சட்டை கைக்கு வந்தால் மற்றவர்கள் காலரைப் பார்ப்பார்கள், பொத்தானைப் பார்ப்பார்கள். அவள் முதலில் சட்டையை உள்ளே திருப்பித் தையல் ஓரத்தைப் பார்ப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டுதான் எல்லாரும் வெளியே வருகிறார்கள், கழுத்துக்குப் பின்னால்தான் அழுக்கு இருக்கும் என்பது அவள் கட்சி. அதையும் அவள் வாயால் சொன்னதில்லை. தோழி ஒருத்திதான் அவளுக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சரியானது வலது பக்கம், சரியில்லாதது இடது பக்கம். ஒரு நாளைக்கு நானூறு சட்டை வந்தால் முப்பது நாற்பதையாவது இடது பக்கம் தள்ளாமல் அவளுக்குப் பொழுது போகாது. சூப்பர்வைசர் வந்து, "அக்கா, இதுல என்ன குறை? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றால், பதில் வராது. ஆள்காட்டி விரல் மட்டும் ஓர் இடத்தில் போய் நிற்கும். அங்கே அரை அங்குலத்துக்கு ஒரு தையல் விட்டுப்போயிருக்கும், அல்லது பிரித்து மறுபடி தைத்த இடத்தில் பழைய ஊசித் துளை வரிசையாகத் தெரியும். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

மேஜையில் இப்படி இருந்தவள், மேஜையை விட்டு நகர்ந்தால் வேறு ஆள். கடைக்காரர் அழுகின தக்காளியைப் பையில் போடும்போது பார்த்துக்கொண்டேதான் நிற்பாள். எந்தத் தக்காளியில் எந்தப் பக்கம் அழுகல் என்றுகூடச் சொல்லிவிடுவாள், வீட்டுக்கு வந்த பிறகு. சட்டைகளைப் பார்த்து நாள் முழுக்க வேண்டாம், வேண்டாம் என்று தள்ளியவளுக்கு, ஒரு மனுஷ முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வராது.

அண்ணன் வீட்டில் பின்பக்க அறை அவளுடையது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறவர். அவளுக்கு ஐம்பத்துநாலு வயதாகியும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு இரண்டு முறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் ஆளுக்கு அவளைப் பிடிக்கவில்லை. இரண்டாவது ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதை அவள் சொல்லவில்லை. நல்ல வேளையாக அந்த ஆளுக்கே ஜுரம் வந்து, தேதி தள்ளிப் போய், அப்படியே விட்டுப் போயிற்று. ஜுரத்துக்கு அவள் இன்றுவரை நன்றியோடு இருக்கிறாள்.

சம்பாதிக்கிறவள் என்பதால் நகை வாங்காமல் இல்லை. முப்பது வயதில் இரண்டு வளையல் வாங்கினாள். அடுத்த வருஷமே வேனுக்குக் கியர்பாக்ஸ் போனது. "பாப்பா, மூணே மாசம்" என்றார் அண்ணன். வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று. எத்தனையோ மூன்று மாதங்கள் ஆகிவிட்டன, வளையல் திரும்பி வந்த பாடில்லை. நாற்பது வயதில் ஒரு சங்கிலி வாங்கினாள். அண்ணன் மகள் ஒரு விசேஷத்துக்குப் "போட்டுட்டுத் தரேன் அத்தை" என்று வாங்கிக்கொண்டு போனாள். போனவள் கல்யாணமாகி வேறு ஊருக்கே போய்விட்டாள். இப்போது போட்டோ அனுப்பும்போதெல்லாம் சங்கிலி நன்றாகத் தெரிகிறது. கொக்கி மாற்றியிருக்கிறார்கள் என்பதைக்கூட அத்தை போட்டோவிலேயே கண்டுபிடித்தாள். கொக்கியைக் கண்டுபிடித்தாளே தவிர, சங்கிலியைக் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் வேலையிலிருந்து நின்றாள். கண்ணில் லேசாகப் புரை என்று மருத்துவர் சொன்னார். ஆபரேஷன் செய்து பார்வை முன்னைவிடத் தெளிவாகிவிட்டது. ஆனால் அதற்குள் கணக்கை முடித்துவிட்டார்கள். கைக்கு ஒரு மொத்தத் தொகை வந்தது. பாதியை வங்கியில் போட்டு மாத வட்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டாள். அது வீட்டுச் செலவுக்கு, அண்ணி கையில் கொடுக்க. மீதிப் பாதிதான் பிரச்சினை. அந்தப் பாதி எழுபது வயதுக்கு. முட்டி ஓய்ந்து, கண் ஓய்ந்து, யாரிடமும் எதுவும் கேட்கத் தெரியாத ஒரு கிழவிக்கு அது வேண்டியிருக்கும். அந்தக் கிழவியை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பணமாக வைத்தால் பாப்பா என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடும். நகையாக மாற்றினால் யாராவது ஒருத்தர் கழுத்தில் ஏறிவிடும். என்ன செய்வது என்று அவள் ஒரு வாரமாக மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோதுதான், கையெழுத்துப் போடக் கணக்குப் பிரிவுக்குப் போன இடத்தில் அந்தப் பொருளைப் பார்த்தாள்.

கணக்கர் தன் மேஜை டிராயரிலிருந்து எதையோ எடுத்து, துடைத்து, திரும்ப வைக்கப் போனார். கையகல டப்பி. கண்ணாடி மாதிரி கெட்டிப் பிளாஸ்டிக். நடுவில் ஒரு தங்கக் காசு, பொட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு சீட்டில் எண்கள்.

"என்னம்மா பார்க்கிறீங்க? பழைய காசு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அசல்தானான்னு பார்த்து, எவ்வளவு தேய்மானம்னு மார்க் போட்டு, சீல் வச்சுக் கொடுத்திருக்காங்க. தங்க விலை ஒரு பக்கம், கிடைக்காத சாமான்ங்கறது ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்ததுதான் இதோட விலை."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். பிறகு நான்கு நாள் கழித்து, வேறு ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போனபோது, கீழே பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், அந்தக் காசைக் கழுத்துல போட முடியுமா?"

"அய்யோ, முடியாதும்மா. டப்பியைத் திறந்தாலே போச்சு. சான்றிதழ் செல்லாது. வளையம் கிளையம் வச்சுப் பத்த வச்சீங்கன்னா வெறும் தங்க விலைதான். பாதி மதிப்பு காத்துல போயிடும். யாரும் போட முடியாது."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

தனியாகப் போகத் தைரியம் இல்லாததால் தோழியைக் கூட்டிக்கொண்டாள். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த தோழி. தொழிற்சாலையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே குரல் அப்படி ஆகிவிட்டது. வீட்டிலும் பஸ்ஸிலும் அதே சத்தம்தான்.

"அடியே, போயும் போயும் பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கிற தங்கத்தையா வாங்கப் போற? தொட்டுக்கூடப் பார்க்க முடியாதாமே" என்றாள் ரேடியோ, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

"மெதுவா பேசு."

"நான் மெதுவாத்தான் பேசறேன்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பழைய நாணயங்கள் விற்கும் கடை ஒரு மருந்துக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், சைக்கிள் நிறுத்தும் அளவு அகலத்தில் இருந்தது. மணியை அழுத்தினால் உள்ளேயிருந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர். ஒரு கண்ணில் நகைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் சின்ன லென்ஸ். அதை எடுக்காமலேயே, "வாங்கம்மா, உட்காருங்க" என்றார். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் தெரிந்ததில் ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் தன்னிடம் உள்ள தொகையை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதை நகர்த்தி வைத்தாள். அவர் படித்துவிட்டு, "எதுக்காக வாங்கறீங்க?" என்றார்.

"பதினஞ்சு வருஷம் வச்சிருக்க."

"அதுக்கப்புறம்?"

"விக்க."

"நல்லது. ரெண்டு வார்த்தையில சொல்லிட்டீங்க. இங்க வர்றவங்க பாதிப் பேர் அடுத்த மாசமே ரெட்டிப்பாகுமான்னு கேட்பாங்க."

"ஆகாதா?" என்றாள் ரேடியோ.

"ஆகாதும்மா."

"சரி, கிராமுக்கு என்ன விலை? செய்கூலி, சேதாரம் எவ்வளவு போடறீங்க?"

"செஞ்சவங்க செத்தே நூறு வருஷம் ஆச்சு. கூலி யாருக்கும்மா கொடுக்கறது?"

ரேடியோ ஒரு நிமிஷம் யோசித்து, அதில் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். "அப்ப சேதாரத்தையாவது குறைச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடைக்காரர் கறுப்புத் துணி ஒன்றை விரித்து அதில் நான்கு டப்பிகளை வைத்தார். நான்கிலும் ஒரே மாதிரிக் காசு. ஒரு பக்கம் கூந்தலை முடிந்த ஒரு பெண்ணின் தலை, மறு பக்கம் பாய்மரக் கப்பல். வருஷம்தான் வேறு வேறு. "உங்க தொகைக்குக் கிட்டத்தட்ட வர்ற சாமான் இந்த நாலும். நிதானமா பாருங்க. மேல போட்டிருக்கிறது மார்க். எழுபதுக்கு எவ்வளவுன்னு."

அவள் முதல் டப்பியை எடுத்தாள். அறுபத்திரண்டு என்று போட்டிருந்தது.

"மீதி எட்டு எங்க போச்சு?" என்று கேட்டாள்.

கடைக்காரர் லென்ஸை எடுத்துவிட்டு அவளை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். "எட்டு மார்க்கும் அந்தக் காசு மேலதான் இருக்கு. கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று லென்ஸை நீட்டினார்.

லென்ஸ் வேண்டாம் என்று தலையாட்டினாள். கூச்சத்தோடு மேலே பார்த்து, "அந்த மஞ்ச பல்பை அணைச்சிட்டு ட்யூப்லைட் போட முடியுமா, சார்?" என்றாள்.

வெள்ளை வெளிச்சம் வந்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. ரேடியோ தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறாள், இனி பேசிப் பிரயோசனம் இல்லை. பூதக்கண்ணாடி முதலில் காசைப் பார்க்கவே இல்லை. டப்பியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நான்கு ஓரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் காசு. சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து. கன்னத்தில் ஒன்று, கழுத்தடியில் இரண்டு, விளிம்பில் இரண்டு, கப்பலின் பாயில் மயிரிழைபோல ஒரு கீறல். விரல் ஒவ்வோர் இடமாகப் போய் நின்றது. "ஆறுதான் கிடைச்சது" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அதை வலது பக்கம் வைத்தாள்.

இரண்டாவதும் வலது பக்கம் போயிற்று. மூன்றாவதைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. காசைச் சுற்றி இருந்த எழுத்துகளுக்கெல்லாம் நிழல்போல இன்னொரு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் இரண்டு தடவை தைத்துவிட்ட மாதிரி. இடது பக்கம். நான்காவதன் ஓரத்தை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதுவும் இடது பக்கம்.

கடைக்காரர் இடது பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அடக்க முடியாத சிரிப்பு.

"ஏம்மா, இந்த நாலுலயே விலை கூடினது எது தெரியுமா? நீங்க தள்ளின மூணாவதுதான். அச்சு கொஞ்சம் நகர்ந்து ரெண்டு தடவை விழுந்திருக்கு. அந்த மாதிரி ஆனது கொஞ்சம் காசுதான். அதுலயும் இப்ப மிச்சம் இருக்கிறது இன்னும் கொஞ்சம். இதுக்காகவே தேடி அலையறவங்க இருக்காங்க."

"தப்பு செஞ்சதுக்கா கூடுதல் விலை?" அவளால் நம்ப முடியவில்லை. அவள் மேஜையில் இரட்டைத் தையல் விழுந்த சட்டை பாதி விலைக்குப் போகும். தைத்தவளுக்குத் திட்டும் விழும்.

"நம்ம கம்பெனியில நான் செஞ்ச தப்புக்கெல்லாம் இப்படி விலை போட்டிருந்தா நான் இன்னேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்" என்றாள் ரேடியோ.

"சரி, அது உங்க தொழில் பழக்கம். நாலாவதை ஏன் தள்ளினீங்க? அதுலதான் ஒரு தப்பும் இல்லையே. இருக்கிறதுலயே மார்க் கூட. அறுபத்தஞ்சு."

அவள் டப்பியை நிறுத்தி, கீழ் மூலையில் விரலை வைத்தாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸை மாட்டினார். அப்போதும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அவள் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

"மத்த மூணுலயும் ஓரம் ஒரே மாதிரி வெள்ளையா ஓடுது. இதுல இந்த மூலையில மட்டும் பளபளன்னு தடிச்சிருக்கு. பிரிச்சுட்டு மறுபடி தைச்ச மாதிரி."

"இது தைக்கிற சாமான் இல்லம்மா. ரெண்டு பாதியையும் மெஷின்ல உருக்கி ஒட்டறது."

"ஒட்டறதும் ஒரே கைதானே ஒட்டும். இது வேற கை."

கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் கணினிப் பக்கம் திரும்பினார். சீட்டில் இருந்த எண்ணைத் தட்டினார். "பாருங்க, நம்பர் சரியா இருக்கு. போன மாசம் வாங்கும்போதே பார்த்தேன். வருஷம் சரி, மார்க் சரி." பிறகு, அவள் இன்னும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, சான்று கொடுத்தவர்கள் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கினார். படத்தில் இருந்த பெண்ணின் காதுக்குக் கீழே எள்ளளவு ஒரு பள்ளம் இருந்தது. டப்பியில் இருந்த பெண்ணுக்கு அது இல்லை.

அவர் படத்தைப் பார்த்தார். டப்பியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

"உள்ள இருந்ததை எடுத்துட்டு வேறதை வச்சிருக்காங்க" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "நம்பரைப் பார்த்தேன். மூஞ்சியைப் பார்த்தேன். ஓரத்தைப் பார்க்கலை. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்."

ரேடியோ எழுந்து போய் மூலையில் இருந்த தண்ணீர்க் குடுவையிலிருந்து ஒரு தம்ளர் ஊற்றி அவரிடம் கொடுத்தாள். சொந்தக் கடைபோல.

கொஞ்சம் தெளிந்ததும் அவர் அந்த நான்காவதை எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினார். விற்றவர் யார் என்று சீட்டு இருக்கிறது, அதை அவர் பார்த்துக்கொள்வார். இப்போது மூன்றாவது டப்பியை அவள் முன்னால் தள்ளினார்.

"உங்க தொகை இதுக்குப் பத்தாது. ஆனா நீங்க இன்னிக்கு என் கடை மானத்தைக் காப்பாத்தியிருக்கீங்க. இதை உங்க தொகைக்கே தர்றேன். எனக்கு லாபம் இல்லை, பரவாயில்லை. எடுத்துக்கங்க."

"அடியே, எடுத்துக்கடி" என்றாள் ரேடியோ. "சும்மா மாதிரி கொடுக்கிறார். வாயைத் திறந்து சரின்னு சொல்லு. இல்ல, வழக்கம்போல சும்மா இரு, நான் சொல்றேன்."

அவள் காசைப் பார்த்தாள். இரட்டை எழுத்து இரட்டை எழுத்தாகத்தான் தெரிந்தது. கை தானாக இடது பக்கம் போகப் பார்த்தது.

"சார், நாளைக்கே இதைத் திருப்பிக் கொண்டு வந்தா எடுத்துப்பீங்களா?"

"எடுத்துப்பேன்."

"நீங்க இல்லைன்னா?"

அவருக்குக் கேள்வி புரிந்தது. பதினைந்து வருஷம் கழித்து. "தேடற ஆள் வேணும். அந்த ஆள் கிடைச்சா விடமாட்டான், அள்ளிக் கொடுப்பான். கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கணும். மாசக்கணக்குல ஆகலாம்."

"அந்த முதல் காசு?"

"அதா. அது எல்லாரும் கேட்கிற காசு. எந்த ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் அன்னிக்கு விலை என்னவோ அதைக் கொடுத்து எடுத்துப்பாங்க. ஒண்ணு சொல்லிடறேன், நாளைக்கே கொண்டு வந்தா நானே ஆறுல ஒரு பங்கு குறைச்சுத்தான் எடுப்பேன். அது கடை நடக்கிற வழி. வருஷம் போகப் போகத்தான் அது சரியாகும். ஏறும்னு நினைக்கிறேன். ஏறும்னு எழுதிக் கொடுக்கிற ஆள் வந்தா அவன்கிட்ட வாங்காதீங்க."

எழுபது வயதில் முட்டி வலியோடு, தேடுகிற ஆளைத் தேடிக்கொண்டு, கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொருவரிடமும் இரட்டை எழுத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கிழவியால் அது ஆகாது. ரேடியோ அப்போது இருந்தால் ஆகலாம். இருப்பாளா என்று யார் கண்டது.

"வேண்டாம், சார்" என்றாள். "அந்த முதல் காசையே எடுத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் ஒரு மனுஷ முகத்துக்கு நேராகச் சொன்னோம் என்பது உறைத்தது. காது சூடாகிவிட்டது. கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ரசீது எழுத ஆரம்பித்தார். ரேடியோ வாய் திறந்தபடி இருந்தாள், சத்தம் மட்டும் வரவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

"நீ ஒரு நாளும் இப்படி இருந்ததில்லையேடி" என்றாள், ஊருக்கே கேட்கும்படி.

டப்பி அலமாரியில், குளிர்காலப் போர்வைக்குள் சுற்றி வைக்கப்பட்டது. வங்கியில் லாக்கருக்குப் பேர் கொடுத்திருந்தாள், வரிசை வரவில்லை. அண்ணனிடமும் அண்ணியிடமும் மறைக்கவில்லை. காட்டினாள். அண்ணி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு. ஆனா பல்லாஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்கே" என்றாள். அண்ணன் திறக்க வருமா என்று நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தார். வரவில்லை. அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். இனி அவள் யாருக்கும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை, இந்த டப்பி சொல்லிவிடும் என்று நினைத்தாள்.

நான்கு மாதம் அப்படியே போயிற்று. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேன் தெருமுனையில் புகையைக் கக்கிவிட்டு நின்றது. நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சினையே இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு அண்ணன் கைகால் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மேஜை விரிப்பின் ஓரத்தில் பிரிந்த நூலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா" என்றார் அண்ணன்.

ஊசி நின்றது.

"அந்தக் காசு இருக்கில்ல. போன வாரம் அந்தக் கடைப் பக்கம் லோடு இறக்கினேன். சும்மா உள்ள போய்க் கேட்டேன். நீ வாங்கினது எல்லாரும் கேட்கிற காசாமே. எந்தக் கடையிலயும் உடனே எடுத்துப்பாங்களாம். அடகு கிடகுன்னு வட்டி கட்ட வேண்டியதில்லை. வித்துடலாம். ஆறு மாசத்துல அண்ணன் உனக்கு அதே மாதிரி இன்னொண்ணு வாங்கித் தர்றேன்."

எந்தக் காரணத்துக்காக அந்தக் காசைத் தேர்ந்தெடுத்தாளோ, அதே காரணத்தைச் சொல்லித்தான் அண்ணன் கேட்டார். இரட்டை எழுத்துக் காசாக இருந்திருந்தால் விற்க மாசக்கணக்காகும் என்று தப்பித்திருக்கலாம். இது இன்று மதியமே விலை போய்விடும். டப்பி தனக்காகப் பேசும் என்று நினைத்திருந்தாள். டப்பிக்கு ஏது வாய்.

அண்ணி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அண்ணன் அவள் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வருவதற்காகக் காத்திருந்தார். வளையலுக்கும் அப்படித்தான் காத்திருந்தார். அவசரமே படமாட்டார், நல்ல மனுஷர்.

"தர மாட்டேண்ணே" என்றாள்.

"என்னது?"

"தர மாட்டேன்."

அண்ணன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பேச்சு வராத குழந்தை திடீரென்று பேசிவிட்டால் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "இவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா" என்றாள் அண்ணி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தர மாட்டேன்னு சொல்றா. தமிழ்லதான் சொல்றா."

"ஏன் பாப்பா?"

காரணம் எதையும் அவள் யோசித்து வைக்கவில்லை. மேஜையிலும் காரணம் சொல்லிப் பழக்கமில்லை. "அது எனக்கு" என்றாள். "வயசான பிறகு எனக்கு."

"வயசான பிறகு நான் பார்த்துக்க மாட்டேனா உன்னை?"

"நீ என்னைவிட ஆறு வயசு பெரியவன், அண்ணே."

அண்ணி குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது வெங்காயத்தாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை. அண்ணன் விரல்விட்டு வயதைக் கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "சரி, மெக்கானிக்கைப் பார்த்துட்டு வர்றேன்" என்று போனார்.

போனவர் ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். பழைய எஞ்சின் ஒன்று சல்லிசாக இருக்கிறதாம், பணத்தை மாதா மாதம் கொடுத்தால் போதுமாம், மெக்கானிக் ஒத்துக்கொண்டுவிட்டானாம். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி இருந்திருக்கிறது. கியர்பாக்ஸ் போன காலத்திலிருந்தே இருந்திருக்கிறது. யாரும் அவரை அந்தப் பக்கம் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்து அவர் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதும், அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்க அறைக்கு வந்தாள். அந்த அறைக்கு அவள் பெருக்குவதற்குத் தவிர வருவதில்லை. கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கடையில சின்னதா கிடைக்குமா?"

"என்னது அண்ணி?"

"அதான், அந்தப் பல்லாஸ்பத்திரி சாமான். மார்க் எல்லாம் ஜாஸ்தி வேண்டாம். எழுபதுக்கு அம்பது எடுத்திருந்தாலும் போதும். உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். என் வளையல் நாலும் அந்த வேனுக்குள்ளதான் இருக்கு."

அண்ணிக்கும் வளையல் இருந்தது என்பதை, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் யோசித்ததே இல்லை. எல்லாவற்றின் ஓரத்தையும் பார்த்தவள், அண்ணியின் கையைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு சேர்த்து வச்சிருக்கீங்க?"

அண்ணி கிட்டே குனிந்து தொகையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளைபோல முகத்தைப் பார்த்தாள்.

"பத்தாது அண்ணி" என்றாள் அவள். "இதுக்கு இப்ப வாங்கினா அரைகுறையாத்தான் கிடைக்கும். வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் சேருங்க. நானே கூட வந்து ஓரம் பார்த்துத் தர்றேன்."

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில அவருக்கு, மத்தியானம் எனக்கு" என்றாள். "ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தள்ளறதா உத்தேசம்?"

வெளியே வேனுக்கு அடியிலிருந்து அண்ணன் ஸ்பானரை எடுத்துக் கொடுக்கச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.